பத்திரத்துக்குப் பூக்கட்டிப் பார்த்தது

சார்நிலைக் கருவூலத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவள் நான். என் கையெழுத்தால் அரசாங்கத்துக்கோ தனி ஆளுக்கோ ஒரு ரூபாய் நட்டம் வந்தது கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்வதுதான் மரியாதை. ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஓய்வு பெற்ற மறுவாரமே கைலாசநாத மாமா வீட்டுக்கு வந்து, "மீனா, நீ சும்மாதானே இருக்கே?" என்று ஆரம்பித்தார். இந்த ஊரில் சும்மா இருக்கிறவர்களைச் சும்மா இருக்க விடுவதில்லை.

மாமாவின் பெரியம்மா சங்கரம்மாள் பிள்ளை இல்லாதவர். வாசுதேவநல்லூர் போகிற வழியில் இருந்த தன் நிலத்தை எழுதிவைத்து ஓர் அறக்கட்டளையைத் தொடங்கிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். விசைத்தறி ஓட்டுகிற வீடுகளின் பெண் பிள்ளைகளுக்கு அந்த வருமானத்தில் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும் என்பது சாசனம். வருடத்துக்கு ஏழு பேர் படித்தார்கள். அறங்காவலர்கள் நான்கு பேர். தலைவர் மாமா, மளிகை மொத்த வியாபாரம் செய்யும் சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஹெலன் டீச்சர், கடைசியாக வந்து மாட்டிக்கொண்ட நான்.

நான் அறங்காவலராகச் சேர்ந்த நேரம், நாலு வழிச் சாலைக்கு அந்த நிலத்தை எடுத்துக்கொண்டு முப்பத்தாறு லட்சத்தை வங்கியில் போட்டிருந்தார்கள். நிலம் போய்விட்டது, இனி பணம்தான் நிலம். அது எங்கே இருந்தால் கரையாமல் ஏழு பேரைப் படிக்க வைக்கும் என்பதுதான் கேள்வி. இந்த ஒரு கேள்விக்கு நான்கு மாதம், ஐந்து கூட்டம்.

கூட்டம் நடப்பது அண்ணாச்சியின் கடைக்குப் பின்கட்டில், மிளகாய் வத்தல் மூட்டைகளுக்கு நடுவில். தீர்மானம் வாசிப்பதற்குள் நாலு பேரும் தும்மி முடிப்போம். அண்ணாச்சியின் மனைவி தங்கபுஷ்பம் காப்பி கொண்டுவருவாள். அவளுக்கு இரண்டு முட்டும் தேய்ந்துவிட்டன. அடுப்படியிலிருந்து எங்கள் மேசைக்குப் பதினைந்து அடி இருக்கும். அதைக் கடக்க அவள் மூன்று இடத்தில் சுவரைப் பிடிப்பாள். கோவில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசிக்கொண்டுதான் காலத்தை ஓட்டினாள். மதுரையில் ஆபரேஷன் செய்யப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பதாக அண்ணாச்சி சொல்வார். காப்பியை நானே போய் வாங்கிக்கொள்கிறேன் என்றால் அவளுக்குக் கோபம் வரும்.

ஐந்தாவது கூட்டத்தில் கடைசி முறையாக விளக்கினேன். மாநில அரசுக் கழகம் ஒன்று பத்திரம் வெளியிடுகிறது. பத்து வருடத் தவணை. அசலுக்கும் வட்டிக்கும் அரசாங்கமே உத்தரவாதம். அறக்கட்டளைப் பணத்தை எதில் போடலாம் என்று சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது, அந்தப் பட்டியலுக்குள் வருகிற பத்திரம். வெள்ளிக்கிழமையோடு விற்பனை முடிகிறது.

"வட்டி எவ்வளவுன்னு சொன்னிய?" என்றார் அண்ணாச்சி.

"எட்டே முக்கால்."

"மாசத்துக்கா?"

"வருஷத்துக்கு, அண்ணாச்சி."

இதையே அவர் ஐந்து கூட்டத்திலும் கேட்டார். ஐந்திலும் ஒரே மாதிரி சிரித்தார். "மூக்காண்டி ரெண்டு வட்டிக்குக் கேக்கான். இருபத்தினாலு தறி ஓடுது. மாசம் பொறந்தா ரூவாய் வாசல்ல வந்து நிக்கும். ஏழு பிள்ளைய படிக்கிற இடத்துல இருபது பிள்ளைய படிக்கும்லா."

"பொதுப் பணத்தைத் தனி ஆளுக்கு வட்டிக்கு விடக்கூடாது. வரிவிலக்கு போயிரும். நாளைக்கு மூக்காண்டிக்கு ஒண்ணுன்னா நாம நாலு பேரும் கைக்காசைப் போட்டுக் கட்டணும்."

"சட்டம் எழுதுனவனுக்கு மூக்காண்டியைத் தெரியுமா? எனக்குத் தெரியும். ஒத்தப் பைசா ஏமாத்த மாட்டான்."

அண்ணாச்சி திருடர் இல்லை. திருடராக இருந்தால் எனக்கு வேலை சுலபம். அவர் நல்லவர், நாலு எழுத்து எழுதி வாங்காமலே கோடிக்கணக்கில் சரக்கு கொடுத்து வாங்கியவர். மனுசனை நம்புவார், காகிதத்தை நம்ப மாட்டார். நான் காகிதத்தை நம்புகிறவள். காகிதம் குடித்துவிட்டு வண்டி ஓட்டாது, காகிதத்துக்கு மாரடைப்பு வராது.

ஹெலன் டீச்சர் என் பக்கம்தான். ஆனால் மாமா அண்ணாச்சி பக்கம் சாய்ந்தால் ஓட்டு இரண்டுக்கு இரண்டு ஆகிவிடும், அப்போது தலைவர் சொல்வதுதான் முடிவு. கைலாசநாத மாமா எழுபத்து நான்கு வயது வரை யாரிடமும் இல்லை என்று சொல்லாமல் காலம் தள்ளியவர். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாம எதுக்கு சண்டை போட்டுக்கிட்டு. அம்மன்கிட்ட கேட்டுருவோம். பூக்கட்டிப் பாப்போம்."

அண்ணாச்சி முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லுங்க. அம்மன் சொன்னா நான் மறுபேச்சு பேச மாட்டேன்."

கல்யாணத்துக்குப் பூக்கட்டிப் பார்ப்பார்கள், வீடு வாங்கப் பார்ப்பார்கள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். இலையில் சுற்றிக் கட்டிச் சாமி முன்னால் வைத்துக் கூட்டத்தில் வந்த ஏதாவது ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. எந்தப் பூ வருகிறதோ அதுதான் உத்தரவு. நானும் சாமி கும்பிடுகிறவள்தான். ஆனால் அறங்காவலர் தன் பொறுப்பை வேறு யாரிடமும் தள்ளிவிடக் கூடாது என்பது சட்டம். வேறு யாரிடமும் என்றால் அதில் கோமதி அம்மனும் அடக்கம் என்று மாமாவிடம் எப்படிச் சொல்ல? எங்கள் நாலு பேரையும் சன்னதி முன்னால் இருக்கிற சக்கரக் குழியில் உட்கார வைத்திருக்க வேண்டும். புத்தி பேதலித்தவர்களை அங்கேதான் உட்கார வைப்பார்கள்.

"நான் வரலை," என்றார் ஹெலன் டீச்சர். "நீங்க கேட்டு முடிங்க. கர்த்தர்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணும்னா சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை விசாரிக்கேன்."

"பூவை மீனா கட்டட்டும்," என்றார் மாமா. "டிரஷரியில இருந்தவ. அவ கையில தப்பு வராது."

வியாழக்கிழமை காலை பூ மார்க்கெட்டுக்குப் போனேன். முந்தின இரவு முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. மழை வேறு. என் வீட்டுத் தளம் ஒழுகும். அதைப் பெயர்த்துப் புதிதாகப் போட ஏழு லட்சம் எடுத்து வைத்திருந்தேன், கொத்தனார் வருவதாகச் சொல்லி ஆறு மாதம். வாளியை நகர்த்தி வைத்துக்கொண்டே யோசித்தேன். வெள்ளை வந்தால் முப்பத்தாறு லட்சம் மூக்காண்டி வீட்டுக்குப் போகும். ஏழு பெண் பிள்ளைகளின் படிப்பு இருபத்து நான்கு தறியில் தொங்கும். நூல் விலை ஏறினால் முதலில் நிற்பது தறி, இரண்டாவது நிற்பது வட்டி. இசக்கித்தாய் என்று ஒரு பிள்ளை நர்சிங் மூன்றாம் வருடம். அவளிடம் போய் என்ன சொல்வேன், குழந்தை மாற்றி எடுத்துவிட்டது என்றா?

சிவப்பு அரளி கால் கிலோ வாங்கினேன். மல்லி ஒரு முழம் வாங்கிக் கூடையில் மேலாகத் தெரிகிற மாதிரி வைத்தேன். அண்ணாச்சியும் மாமாவும் சன்னதி வாசலில் நின்றார்கள். நான் தூண் மறைவில் உட்கார்ந்து இலையில் அரளியை வைத்துச் சுற்றினேன். இன்னொரு இலை எடுத்தேன். அதிலும் அரளியை வைத்துச் சுற்றினேன். இரண்டு முடிச்சும் ஒரே அளவில் விழுந்தன. அதுதான் இப்போதும் எனக்கு ஆச்சரியம். மிஞ்சிய அரளியை இலைக்குள் மடித்துப் பையில் போட்டேன். மல்லியை என்ன செய்வதென்று தெரியவில்லை. எத்தனையோ வருடம் கழித்துத் தலையில் வைத்துக்கொண்டேன்.

"சிவப்புன்னா பத்திரம், வெள்ளைன்னா மூக்காண்டி," என்று மாமா அம்மனுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். பனவடலிசத்திரத்திலிருந்து மொட்டை போட வந்திருந்த ஒரு சின்னப் பிள்ளை ஒரு பொட்டலத்தை எடுத்தது. அர்ச்சகர் பிரித்தார். சிவப்பு.

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நான் நாலு மாசமா உங்ககிட்ட மல்லுக்கு நின்னதுக்கு மன்னிச்சிருங்க, டிரஷரியம்மா," என்றார். நாலு மாதம் நான் சட்டத்தை எடுத்துச் சொன்னபோது அசையாத மனிதர். எனக்கு நியாயமாகச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது.

அன்று மாலையே பணம் கட்டினோம். தீர்மானப் புத்தகத்தில் மாமா தன் கையால், 'அம்மன் உத்தரவுப்படி முதலீடு செய்வதென' என்று எழுதிவைத்திருந்தார். தணிக்கையாளர் பார்த்தால் எங்களைக் கோவிலுக்கே அனுப்பிவிடுவார். அதை அடித்துவிட்டு, 'சட்டம் அனுமதிக்கும் முதலீடு என்பதால் ஒருமனதாக' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டேன். அப்படி எழுதும்போதுகூட எனக்கு உறுத்தவில்லை. எழுதியது உண்மைதானே.

ஐப்பசி பிறந்தது. அடைமழை. ஒரு மத்தியானம் அண்ணாச்சி குடையோடு வாசலில் நின்றார். உள்ளே வந்து, வாளிக்கும் குண்டானுக்கும் நடுவில் இடம் பார்த்து உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"இதை ரூவாயா மாத்தணும். எப்படின்னு சொல்லுங்க."

பார்த்தேன். அதே கழகம். அதே பத்திரம். அதே வட்டி, அதே முதிர்வுத் தேதி. ஏழு லட்சம். அறக்கட்டளை பேரில் இல்லை, சௌந்தரபாண்டியன் பேரில்.

"அண்ணாச்சி, இது எப்ப போட்டது?"

"அன்னைக்கு மறுநாளு. வெள்ளிக்கிழமை. கடைசி நாளுன்னு சொன்னியல்லா. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல அந்த ஷேர் ஆபீஸ்ல கொண்டுபோய்க் கட்டிட்டேன்."

"இது முட்டு ஆபரேஷனுக்கு வச்சிருந்த பணம்தானே?"

"ஆமா. மதுரைல தேதி குடுத்திட்டாங்க. வார இருபத்தி ரெண்டாந் தேதி, ரெண்டு முட்டும். ஷேர் ஆபீஸ்ல போய்க் கேட்டா, இப்ப வித்தா ஆறே கால் லட்சம்தான் தேறும், அதுக்கும் ஆள் வரணும்ங்கான். தங்கபுஷ்பம் நேத்து அடுப்படில விழுந்துட்டா. அவளால இப்ப நடக்கவே முடியல. தவழுதா."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அவர் மேலா, வேறு எதன் மேலா என்று அப்போது தெரியவில்லை. "அண்ணாச்சி, பத்து வருஷப் பத்திரத்துல போய் ஆஸ்பத்திரிக்கு வச்ச பணத்தைப் போடுவாங்களா? அறக்கட்டளைக்கு முட்டு கிடையாது, வயசாகாது, அது பத்து வருஷம் காத்துக்கிட்டு இருக்கும். அதுக்கு ஏத்த பத்திரம் இது. உங்களுக்கு யாரு சொன்னா?"

"அம்மன் சொன்னா."

"அம்மன்கிட்ட நாம கேட்டது அறக்கட்டளைப் பணத்துக்கு."

அவர் மழையைப் பார்த்தார். வெட்கப்படுகிற மாதிரி இருந்தது. "உங்ககிட்ட சொல்லுதேன். யாருகிட்டயும் சொல்லிராதிய. தங்கபுஷ்பத்துக்கு மட்டும்தான் தெரியும். அன்னைக்கு அந்தப் பிள்ளை எடுக்காத பொட்டலம் தட்டுலயே கிடந்துச்சு. அர்ச்சகர்கிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேன், கல்லாவுல வச்சிக்கிடலாம்னு. வீட்ல வந்து பிரிச்சேன்."

எனக்குத் தெரிந்துவிட்டது.

"அதுலயும் சிவப்பு," என்றார். குரல் இறங்கிவிட்டது. "உங்க கூடையில வெள்ளைப்பூவை நான் என் கண்ணால பாத்தேன். வெள்ளையைக் கட்டின பொட்டலம் சிவந்து போயிருக்கு. ஐம்பத்தெட்டு வயசுல இப்படி ஒண்ணை நான் பாத்ததே கிடையாது. அம்மன் இவ்வளவு அழுத்திச் சொல்லும்போது, ஊர்ப் பணத்தைப் போட்டுட்டு எம் பணத்தை மட்டும் பீரோல வைப்பனா? வச்சா அவளை நம்பலைன்னுல்லா ஆயிரும்."

வாளியில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. முப்பத்து நான்கு வருடத்தில் எத்தனையோ பேர் என் மேசை முன்னால் பொய்க் கணக்கோடு வந்து நின்றிருக்கிறார்கள். அவர்களைப் பார்த்ததுமே கண்டுபிடிப்பேன். அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சும்மா இருந்துவிடலாம். எழுபத்தைந்தாயிரம் நட்டத்தில் விற்றுவிட்டு மிச்சத்துக்கு எங்கேயாவது புரட்டிக்கொள்வார். அம்மன் சோதிக்கிறாள் என்று சொல்லிக்கொள்வார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சோதித்தது நான்.

"அண்ணாச்சி, சிவந்து போகலை. ரெண்டுலயும் நான் சிவப்பைத்தான் கட்டுனேன்."

அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். சந்தனம் சாத்திய அம்மனுக்கு முன்னால் திருட்டுத்தனம் செய்தேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். மூக்காண்டிக்குப் பணம் போய்விடுமோ என்று பயந்து செய்தேன் என்றேன்.

"அப்ப அந்த வெள்ளை எங்க போச்சு?" என்று கேட்டார்.

"என் தலையில."

அவர் என் தலையைப் பார்த்தார், இன்னும் அங்கேயே இருக்கிற மாதிரி. காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்; என் பக்கம் சொல்ல நிறைய இருந்தது. எல்லாம் சட்டப்படி சரியான வார்த்தைகள். அவர் எழுந்து குடையை எடுத்தார். "அவகிட்ட என்னன்னு சொல்லப் போறேன்," என்று மட்டும் சொன்னார். வாசல் வரைக்கும் போய்விட்டார்.

"உட்காருங்க," என்றேன். "அந்தப் பத்திரத்தை நான் வாங்கிக்கிடுதேன். போட்ட ரூவாய்க்கு, ஒரு பைசா குறையாம."

"உங்ககிட்ட ஏது ஏழு லட்சம்?"

நான் மேலே தளத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். சரியாக அந்த நேரம் பார்த்து அவர் சட்டையில் ஒரு சொட்டு விழுந்தது.

"வேண்டாம்மா," என்றார். "வீடு ஒழுகுதுல்லா."

"எட்டே முக்கால் வட்டி வருது. அரசாங்க உத்தரவாதம். தங்கமான பத்திரம். நானே அஞ்சு கூட்டத்துல சொன்னேன்." என் குரல் எனக்கே எரிச்சலாக இருந்தது.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஷேர் ஆபீசுக்குப் போனோம். அவர் கணக்கிலிருந்து என் கணக்குக்கு மாற்றும் சீட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். பணத்தை அங்கேயே அவர் கணக்குக்கு அனுப்பினேன். என் கையெழுத்தால் அரசாங்கத்துக்கோ தனி ஆளுக்கோ ஒரு ரூபாய் நட்டம் வந்ததில்லை என்பது இன்னும் செல்லும். தனி ஆள் என்பதில் என்னைச் சேர்க்காவிட்டால் போதும்.

வெளியே வந்தோம். மழை வெறித்திருந்தது. அண்ணாச்சி ராத்திரியெல்லாம் யோசித்திருக்க வேண்டும், முகம் தெளிந்திருந்தது. அதைப் பார்த்தபோதே எனக்குப் பயமாக இருந்தது.

"ஒண்ணு சொல்லட்டுமா? கோவப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"ரெண்டுலயும் சிவப்பைக் கட்டுனது நீங்க. சரி. உங்களைக் கட்ட வச்சது யாரு? முப்பத்தினாலு வருஷம் ஒரு தப்பு செய்யாத கை. அன்னைக்கு மட்டும் ஏன் செஞ்சுது? பொட்டலம் ரெண்டு. ஒண்ணு அறக்கட்டளைக்கு. இன்னொண்ணு எனக்குன்னு தப்பா நினைச்சிட்டேன். அது உங்களுக்கு வந்த உத்தரவு."

சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மதுரை வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாகப் போய்விட்டார். நாலு மாதம் வாதாடியும் நான் அவரை ஜெயித்ததில்லை. உண்மையைச் சொல்லியும் ஜெயிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தேன். வாளி நிரம்பி வழிந்திருந்தது. எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடி அதே இடத்தில் வைத்தேன். பத்திரக் காகிதத்தைப் பீரோவில் வைக்கும்போது முதிர்வுத் தேதியைப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு எழுபத்தொரு வயது ஆகியிருக்கும்.